நீல மிதவை: ப்ளூ பாட்டில் பற்றி மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரைக்குக் கடல் இல்லை. ஆனாலும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி அரை நாளுக்குள் ராமேஸ்வரம் போய்விடலாம். பள்ளி விடுமுறை, அமாவாசை, வீட்டில் ஒரு காரியம் என்று எதற்கும் நாம் போய் நிற்பது அந்தக் கரையில்தான். போய் வந்தவர்கள் போனில் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள்: ஈர மணலில் ஊதிய நீலப் பை ஒன்று, அதிலிருந்து நீளும் ஒரு நூல். "இது என்ன சார், பிள்ளை கையில் எடுத்துவிட்டான், ஒன்றும் ஆகாதே?" விலங்கியல் பாடம் எடுப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. போவதற்கு முன்பே படித்துக்கொள்ள வசதியாக எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன பிராணி?

ப்ளூ பாட்டில். அறிவியல் பெயர் பைசேலியா. புத்தகங்களில் ‘போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார்’ என்று படித்திருப்பீர்கள், அதுவும் இதுவே. கையில் எடுக்காமல் பக்கத்தில் குனிந்து பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். மேலே காற்று நிரம்பிய மிதவை. தோல் மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும். அதன் மேல்விளிம்பு சோமாசு ஓரம் மடித்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கும், சிலவற்றில் அந்த ஓரம் மட்டும் லேசான ரோஸ் நிறம். மிதவைக்குக் கீழே கரும்நீலத்தில் ஒரு கொத்து. அந்தக் கொத்திலிருந்து இறங்கும் இழை மூன்றாவது பகுதி. இழையை உற்றுப் பார்த்தால் நெடுகிலும் சின்னச் சின்ன நீல முடிச்சுகள் இருக்கும். கொட்டும் உறுப்புகள் திரண்டிருப்பது அந்த முடிச்சுகளில்தான்.

மணலில் கிடக்கும்போது இழை சுருங்கி முழ நீளம்கூட இருக்காது. தண்ணீரில் இருக்கும்போது அதுவே மீட்டர் கணக்கில் நீளும். அட்லாண்டிக்கில் வாழும் பெரிய வகைக்கு மிதவை மட்டுமே 30 சென்டிமீட்டர் வரை இருக்கும், இழை 30 மீட்டர் வரை போகும். நம் பக்கத்தில் எடுத்ததாக எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான்.

மீனவர்கள் சொல்லும் சொறியும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, தூரத்துச் சொந்தம். சொறி என்பது குடை வடிவ உடலைச் சுருக்கி விரித்து நீந்துகிற ஜெல்லி மீன். ப்ளூ பாட்டில் அப்படி நீந்தாது. இரண்டும் நிடேரியா என்ற பெரிய தொகுதியில் வருகின்றன. பவளமும் கடல் சாமந்தியும்கூட அதே தொகுதிதான். அதற்குள் ப்ளூ பாட்டில் ஹைட்ரோசோவா என்ற வகுப்பு, சைபனோஃபோர் என்ற பிரிவு. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே ஹைட்ரா, அது சொறியைவிட இதற்கு நெருங்கிய உறவு.

இது ஒரு உயிரா, பல உயிர்கள் சேர்ந்த கூட்டமா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே?

இரண்டு விதமாகவும் எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கு இந்தப் பிராணியில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிராணி என்றால் ஒரு வாய், ஒரு வயிறு, ஒரு உடம்பு என்றுதான் நமக்குத் தோன்றும். ப்ளூ பாட்டிலில் மிதவைக்குக் கீழே தொங்கும் கொத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அமைப்பில் ஒரு தனிப் பிராணிக்குச் சமம். ஹைட்ரா ஒவ்வொன்றும் தனித்தனியாக வாழ்கிறது. இங்கே அப்படிப்பட்ட பல உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே பிறந்து, ஒட்டியே வாழ்கின்றன. இவற்றை விலங்கியலில் சூவாய்டு என்பார்கள். ஒரு வகை சூவாய்டுக்கு வேலை சாப்பிடுவது மட்டும். அதற்கு வாய் உண்டு, வயிறு உண்டு, இரை பிடிக்கிற இழை கிடையாது. இன்னொரு வகைக்கு இழை உண்டு, வாய் கிடையாது. இரையைப் பிடித்து மேலே இழுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மூன்றாவது வகை இனப்பெருக்கத்துக்கு. அதனால் சாப்பிட முடியாது, பிடிக்கவும் முடியாது. யாரும் தனியாகப் பிழைக்க முடியாது. ஒருவர் வயிற்றுக்குள் போனது எல்லாருக்கும் பொதுவான குழி வழியாகப் பங்காகிறது.

அப்படியானால் வெவ்வேறு பிராணிகள் எங்கிருந்தோ வந்து கூட்டுச் சேர்ந்தனவா என்றால், இல்லை. எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை. முட்டை முதலில் ஒரு சின்ன உடலாகிறது. அதில் மொட்டு விடுகிறது, மொட்டிலிருந்து இன்னொரு மொட்டு, இப்படியே வளர்கிறது. மொட்டுகள் பிரிந்து போவதில்லை. ஆகவே மரபணுவைப் பார்த்தால் ஒரே உயிர், உறுப்புகளின் அமைப்பைப் பார்த்தால் பல உயிர். பரிட்சையில் கேட்டால் ‘கூட்டுயிரி’ என்று எழுதுங்கள். வகுப்பில் கேட்டால் இந்த இரண்டையும் சொல்லி, நீங்களே யோசியுங்கள் என்று விட்டுவிடுவேன்.

மிதவைக்குள் இருப்பது வெறும் காற்றுதானா?

பெரும்பகுதி நாம் மூச்சு விடும் காற்றில் உள்ள அதே நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். கூடவே கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. ஆம், மூடிய அறையில் அடுப்புக்கரி எரித்தால் ஆளைக் கொல்லும் அதே வாயு. மிதவையின் உள்சுவரில் இருக்கும் ஒரு சுரப்பி, சீரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதைத் தயாரித்து உள்ளே நிரப்புகிறது. அதன் பிறகு வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே கலந்துகொள்கிறது. நமக்கு நஞ்சான வாயுவை ஊதி அதன் மேல் மிதந்து வாழ்கிறது என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெயிலில் மிதவையின் தோல் காய்ந்துவிடக் கூடாது. அதனால் அவ்வப்போது மிதவையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரில் நனைத்து மறுபடி நிமிர்த்திக்கொள்ளும்.

நீந்தத் தெரியாது என்றால் கடலில் எப்படிப் போகிறது?

காற்றுதான் கொண்டுபோகிறது. மேல்விளிம்பு மடிப்பு என்று சொன்னேனே, அதுதான் பாய். பாய்மர வள்ளத்தின் பாய் செய்யும் வேலையை அது செய்கிறது. தசைகளைச் சுருக்கி அந்தப் பாயை எழுப்பவும் தாழ்த்தவும் இதற்குத் தெரியும். கீழே தொங்கும் இழைகள் தண்ணீரில் இழுபட்டு நங்கூரம் போல எதிர்ப்புக் கொடுக்கின்றன. அதனால் காற்று அடிக்கிற திசையிலேயே நேராகப் போகாமல், அதிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகிச் சாய்வாகப் போகிறது.

எந்தப் பக்கமாக விலகுவது? இங்கேதான் அதிசயம். ப்ளூ பாட்டில்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில் கொத்து மிதவையின் ஒரு பக்கம் தொங்கும், மற்றதில் எதிர்ப்பக்கம். ஒரே காற்று அடித்தாலும் ஒரு வடிவம் காற்றின் திசைக்கு இடப்பக்கம் ஒதுங்கும், மற்றது வலப்பக்கம் ஒதுங்கும். நடுக்கடலில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. காற்று ஒரு பக்கமாகவே பல நாள் அடித்து ஒரு வடிவத்தைக் கூட்டமாகக் கரையில் தள்ளினாலும், மற்ற வடிவம் எதிர்ப்பக்கமாகத் தப்பிப் போக வழி இருக்கிறது. ஒரு கரையில் ஒதுங்கியவற்றை எடுத்துப் பார்த்தால் ஒரே கை வடிவமே அதிகம் இருப்பதும் உண்டு. கரையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கிடப்பதைப் பார்த்துக் கடலில் ஏதோ கேடு என்று பயப்படுகிறார்கள். அநேகமாக அது காற்று செய்த வேலை.

இதன் சொந்த இடம் எது? ராமேஸ்வரம் கடலா?

இதன் வாழிடம் கரையே அல்ல, நடுக்கடலின் மேற்பரப்பு. காற்றும் தண்ணீரும் சந்திக்கிற அந்த மெல்லிய தளத்தில் மட்டுமே வாழ்கிற உயிர்களுக்கு நியூஸ்டன் என்று பெயர். உடம்பில் பாதி வெயிலில், பாதி உப்பு நீரில். வெப்ப மண்டலக் கடல்களிலும் அதை ஒட்டிய மித வெப்பக் கடல்களிலும் உலகம் முழுக்க இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் உண்டு. மும்பை, கோவா கடற்கரைகளில் மழைக்காலத்தில் கூட்டமாக ஒதுங்கி ஒவ்வொரு வருடமும் செய்தியாகிறது. நம்மிடம் வருவது விருந்தாளியாகக்கூட அல்ல, வழி தவறித்தான்.

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வேறு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அது தெற்கில் இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்கிறது, ஆழம் அதிகம். வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய பாக் விரிகுடா. அது ஆழம் குறைந்தது, கொஞ்சம் அடைபட்டது. உள்ளூரில் மன்னார் பக்கத்தை ஆண் கடல் என்றும் பாக் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் நின்றால் வலப்பக்கம் அலை அடிப்பதும் இடப்பக்கம் அமைதியாகக் கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும், காற்று மாறும் மாதங்களில் இது அப்படியே திரும்பும். திறந்த கடலிலிருந்து மிதந்து வருகிற எதற்கும் மன்னார் பக்கத்து வாசல் பெரிது.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போகிறோம். எந்தக் கரையில் கவனமாக இருக்க வேண்டும்?

காற்று கரையைப் பார்த்து அடிக்கிற பக்கத்தில். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுவாக அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது தனுஷ்கோடிச் சாலைக்குத் தெற்கே உள்ள கரை, அலைமோதிக் கிடக்கும். கடலில் மிதக்கிற எல்லாம் அங்கேதான் தள்ளப்படும். தர்ப்பணம் கொடுக்கிற அக்னி தீர்த்தம் தீவின் கிழக்குப் பக்கம் இருப்பதால் கச்சான் காலத்தில் நிலம் அதற்கு மறைப்பாகிறது. தையில் நிலைமை வேறு. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும்போது பாக் விரிகுடாப் பக்கமும் கிழக்குக் கரையும் காற்றுக்கு நேராக நிற்கின்றன.

இது பொதுக் கணக்கு. இரண்டு நாள் காற்று திரும்பினாலோ, புயல் சின்னம் ஒன்று கடந்தாலோ மாறிவிடும். சென்னையில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, கரையில் பார்க்கவே கிடைக்காத நீல டிராகன் என்ற நடுக்கடல் உயிர் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்கியது. அதனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அலை வந்து போகிற விளிம்பில் ஐம்பது அடி நடந்து பாருங்கள். மணலில் நீலமாக ஒன்றிரண்டு கிடந்தால் தண்ணீரிலும் இருக்கும். அங்கே இருக்கிற மீனவர்களிடம் "அண்ணே, இன்னைக்குச் சொறியோ இந்த நீலப் பையோ வருதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அந்தக் கடலில் எதுவும் வராது.

ஏன் நீல நிறம்?

மேலிருந்து பார்க்கும் பறவைக்கும் கீழிருந்து பார்க்கும் மீனுக்கும் கடல் நீலத்தில் கரைந்து தெரிய உதவும் என்பது பொதுவான விளக்கம். மேற்பரப்பில் மிதக்கும் வேறு பல உயிர்களும் இதே நீலத்தில்தான் இருக்கின்றன.

இது என்ன சாப்பிடும்? வாய் எங்கே?

மீன்குஞ்சுகள்தான் முக்கிய உணவு. சின்ன மீன்களும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு ப்ளூ பாட்டில் ஒரு நாளைக்கு நூறுக்கும் மேற்பட்ட மீன்குஞ்சுகளைத் தின்பதாகக் கணக்கிட்டார்கள்.

வேட்டை இப்படி நடக்கிறது. இழை தண்ணீருக்குள் நீண்டு தொங்குகிறது. சுருங்கும், நீளும், மறுபடி சுருங்கும். ஒரு மீன் உரசினால் அந்த இடத்து முடிச்சுகள் அதைக் கொட்டிச் செயலிழக்கச் செய்துவிடும். இழை சுருங்கி மீனை மேலே கொத்து வரை தூக்கிக் கொடுக்கும். அங்கே வாய் மட்டுமே உள்ள சூவாய்டுகள் காத்திருக்கின்றன. மீன் பக்கத்தில் வந்ததும் அவை நெளிந்து துழாவும். ஒரு வாய் மீனின் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்னொன்று, இன்னொன்று. ஒட்டிய வாய் ஒவ்வொன்றும் தன் உதட்டை விரித்துப் பரப்பிக்கொண்டே போகும், கடைசியில் மீன் முழுவதும் பல வாய்களால் மூடப்பட்டுவிடும். விழுங்குவது கிடையாது. அப்படியே மூடி, செரிமான நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன.

கொட்டுவது எப்படி? செத்துப்போனதும் கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. படம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்.

இழையின் முடிச்சுகளில் நெமட்டோசிஸ்ட் என்ற நுண்ணிய கூடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு முள் குழல் சுருண்டு கிடக்கிறது. உள்ளே அழுத்தம் மிக அதிகம். தொட்டதும் மூடி திறந்து குழல் வெளியே பாய்ந்து தோலைத் துளைத்து நஞ்சை இறக்கும். இதே வகைக் கூடுகள் ஹைட்ராவிலும் உண்டு. 2006-இல் அதை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தபோது, குழல் பாய்வதற்கு ஆன நேரம் சுமார் 700 நானோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடவும் குறைவு. விலங்குலகில் இவ்வளவு வேகமான அசைவுகள் மிகச் சில.

இந்தக் கூடு சுட மூளையின் உத்தரவு தேவையில்லை. மூளையும் இல்லை. தொடுதலும் தோலின் வேதிப்பொருளும் பட்டாலே போதும். அதனால்தான் பிராணி செத்த பிறகும், இழை அறுந்து தனியாக மிதக்கும்போதும், கரையில் காய்ந்து கிடக்கும்போதும்கூட வெடிக்காத கூடுகள் அப்படியே காத்திருக்கின்றன. ஊதிய மிதவையைக் காலால் மிதித்துப் ‘பட்’ என்று வெடிக்க வைப்பது பையன்களுக்கு விளையாட்டு. வெறுங்காலில் அதைச் செய்ய விடாதீர்கள். மிதவை கொட்டாது, ஆனால் அதன் அடியில் இழை எங்கே கிடக்கிறது என்று மணலில் தெரியாது.

கொட்டிவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆளைத் தண்ணீரை விட்டு வெளியே கொண்டு வாருங்கள். பயத்தில் மூச்சுத் திணறி மூழ்குவது கொட்டைவிடப் பெரிய ஆபத்து.

தோலில் இழை ஒட்டியிருந்தால் கையால் தேய்க்காமல் எடுக்க வேண்டும். சாமணம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குச்சியாலோ, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டோ மெல்ல எடுங்கள். பிறகு கடல் நீரை ஊற்றி அலசுங்கள். நல்ல தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றாதீர்கள், வெடிக்காமல் இருக்கிற கூடுகளையும் அது வெடிக்க வைக்கலாம். மணலைப் போட்டுத் தேய்ப்பது, துண்டால் துடைப்பது, சுண்ணாம்பு தடவுவது, சிறுநீர் ஊற்றுவது எல்லாமே வேண்டாம். தேய்க்கத் தேய்க்கக் கொட்டு அதிகமாகும்.

அடுத்தது சூடு. வலி குறைய நன்றாக நிரூபிக்கப்பட்ட வழி வெந்நீர்தான். 45 டிகிரி செல்சியஸ் அளவில், தாங்குகிற சூட்டில் 20 நிமிடம் கொட்டிய இடத்தை முக்கி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் வெளியான ஒரு சோதனையில், வெந்நீரில் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் அது 33 சதவீதம்தான். கடற்கரையில் வெந்நீருக்கு எங்கே போவது என்றால், டீக்கடை இருக்கிறதே. வாளியில் கொதிநீரும் சாதாரண நீரும் கலந்து, கொட்டுப்படாத பெரியவர் ஒருவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். கொட்டுப்பட்டவர் வலியில் சூடு தெரியாமல் வெந்துபோகலாம், அதிலும் பிள்ளைகள் விஷயத்தில் மிகவும் கவனம்.

வினிகர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். பெட்டி ஜெல்லி மீன் கொட்டுக்கு அது சரியான முதலுதவி. ப்ளூ பாட்டிலுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது, ஹவாயில் 2017-இல் வெளிவந்த ஆய்வு வேண்டும் என்கிறது. கடல் நீரும் வெந்நீரும் போதும் என்பது என் முடிவு.

மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, கொட்டு கண்ணில் பட்டிருந்தாலோ வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொட்டு வாங்குகிறார்கள், வலியோடு வீடு திரும்புகிறார்கள். சாட்டை அடி பட்டது போலக் கோடு கோடாகச் சிவந்து, வலி மணிக்கணக்கில் இருந்து அடங்கும். மரணம் மிக அபூர்வம். ஒவ்வாமை உள்ளவர்கள், இதய நோயாளிகள், சின்னப் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் கூடுதல் கவலை.

ஒவ்வாமை என்றதும் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் இந்தப் பைசேலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பிய பிறகு பைசேலியா கிடைக்காததால் கடல் சாமந்தியின் நஞ்சை வைத்து ஆய்வைத் தொடர்ந்தார்கள். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்தபோதே செத்துப்போனது. உடல் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதற்கு நேர்மாறாக நடந்தது. அனஃபிலாக்சிஸ் என்று இன்று எல்லா மருத்துவமனையும் அஞ்சும் கடும் ஒவ்வாமை இப்படித்தான் கண்டறியப்பட்டது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிலக்கடலை சாப்பிட்டு மூச்சுத் திணறும் குழந்தைக்கு இன்று ஊசி போட்டுக் காப்பாற்றுகிற மருத்துவத்துக்கு ஒரு வேர் இந்த நீல மிதவையில் இருக்கிறது.

இவ்வளவு நஞ்சுள்ளதை யாராவது தின்பார்களா?

தாராளமாக. பெருந்தலைக் கடலாமை தின்னும், சூரிய மீன் தின்னும். இவை பெரிய ஆட்கள். எனக்கு வியப்பு சின்ன ஆட்கள் மேல்தான்.

மேலே சொன்ன நீல டிராகன், கிளாக்கஸ் என்ற ஓடில்லாத நத்தை. மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். காற்றுக் குமிழியை விழுங்கி, மல்லாந்து மிதந்து வரும். ப்ளூ பாட்டிலைக் கடித்துத் தின்னும்போது வெடிக்காத கொட்டும் கூடுகளைச் செரிக்காமல் தன் விரல் போன்ற கிளைகளின் நுனியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு அதைத் தொட்டவருக்கு ப்ளூ பாட்டிலைவிடக் கடுமையான கொட்டு கிடைக்கலாம். அழகாக இருக்கிறது என்று இதை உள்ளங்கையில் வைத்து வீடியோ எடுக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஊதா நத்தை என்று இன்னொன்று, ஜாந்தினா. சளியில் காற்றை அடைத்துக் குமிழித் தெப்பம் கட்டி அதில் தலைகீழாகத் தொங்கி வாழ்கிறது. தெப்பம் போனால் மூழ்கிச் சாகும். போர்வை ஆக்டோபஸ் என்று ஒன்று உண்டு. அதில் ஆண்களும் இளம் பெண்களும் ப்ளூ பாட்டிலின் இழைத் துண்டுகளைப் பிய்த்துத் தம் கைகளின் உறிஞ்சிகளில் பிடித்துக்கொண்டு திரிகின்றன. பிறர் நஞ்சை ஆயுதமாகக் கையில் ஏந்துவது கடலில் வேறு எதுவும் இவ்வளவு நேரடியாகச் செய்து நான் படித்ததில்லை. நோமியஸ் என்ற சின்ன மீன் ஒன்று இழைகளுக்கு நடுவிலேயே குடியிருக்கிறது. நஞ்சைக் கொஞ்சம் தாங்கும் என்றாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது, படாமல் நெளிந்து நெளிந்து நீந்தித்தான் பிழைக்கிறது.

கூடவே நீல நிறத்தில் ரூபாய் நாணயம் அளவு வட்டமாகக் கிடக்கிறதே, அது இதன் குட்டியா?

இல்லை. அது ப்ளூ பட்டன், அறிவியல் பெயர் போர்பிட்டா. நடுவில் தட்டையான வட்டு, சுற்றிலும் நீலக் குஞ்சம். அதுவும் ஹைட்ரோசோவா வகுப்புதான், அதுவும் மேற்பரப்பில் மிதப்பது. ஒரே காற்று இரண்டையும் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் கொட்டு பெரும்பாலானவர்களுக்கு லேசான அரிப்போடு போய்விடும். ஆனாலும் நீலமாக இருக்கிற எதையும் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வதே எளிது.

அப்படியானால் ப்ளூ பாட்டிலின் குட்டி எப்படி இருக்கும்?

ஒரு கூட்டுயிரி முழுவதும் ஆணாக இருக்கும், அல்லது முழுவதும் பெண்ணாக இருக்கும். இனப்பெருக்கக் கொத்துகள் முதிர்ந்ததும் கழன்று தண்ணீருக்குள் இறங்கும் என்று கருதுகிறார்கள். கருவுறுதலும் அதன் பிறகு முதல் சில நாட்களும் ஆழத்தில் நடக்கின்றன, அதை நேரில் பார்த்தவர் இல்லை. வலையில் கிடைத்த மிகச் சிறிய குஞ்சுகளுக்கு ஒரு குட்டி மிதவையும், ஒரு வாயும், ஒரு இழையும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் வளர வளர மொட்டு விடுபவை.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா? வைகைக்கு வருமா?

இரண்டும் முடியாது. உப்பு நீர் ஏற்பாடு செய்தாலும் தொட்டியின் சுவரில் மோதியே சாகும். இது சுவர் என்பதே இல்லாத இடத்தில் வாழ்ந்து பழகிய உடல். வைகை வெள்ளக் காலத்தில் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து ஆற்றங்கரை பக்கம் பாக் விரிகுடாவில் போய்ச் சேர்கிறது. நம் தண்ணீர் அதன் கடலுக்குப் போகுமே தவிர, அது நம் ஆற்றுக்கு வராது. நல்ல தண்ணீர் அதைக் கொன்றுவிடும். கடல் உயிர்களை உயிரோடு பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை மண்டபத்தில் இறக்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அங்கே இருக்கிறது. 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது.

கரையில் உயிரோடு கிடந்தால் கடலில் திரும்ப விடலாமா?

விட்டாலும் அதே காற்று அதே கரைக்குக் கொண்டு வந்துவிடும், விடப்போன உங்கள் கையில்தான் கொட்டு விழும். அப்படியே விடுங்கள், நண்டும் மற்றவையும் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் நீளக் குச்சியால் தள்ளிக் குழியில் புதைக்கலாம்.

உலகம் முழுக்க ஒரே வகைதானா?

அப்படித்தான் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் வேறு வேறு பெயர் வைத்திருந்ததை எல்லாம் பிற்காலத்தில் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள். 2025-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து உலகெங்கிலுமிருந்து 150-க்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபணுத் தொகுப்பைப் படித்தார்கள். நான்கு இனங்கள் என்று தெரியவந்தது: பைசேலியா பிசாலிஸ், உட்ரிகுலஸ், மெகலிஸ்டா, புதிதாகப் பெயர் பெற்ற மினுட்டா. பாய் வைத்து எங்கும் போகிற பிராணிக்குக் கடலில் எல்லை இருக்காது என்ற எண்ணம் இதனால் மாறியது. ஒரே இடத்தில் மிதந்தாலும் இவை தங்களுக்குள் கலப்பதில்லை.

இந்த ஆய்வில் மாதிரிகளோடு, சாதாரண மக்கள் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் ஏற்றிய ஆயிரக்கணக்கான படங்களையும் பயன்படுத்தினார்கள். கடற்கரைக்குப் போன யாரோ எடுத்த படங்கள்தான் அவை.

அப்படியானால் நான் எடுக்கும் படமும் உதவுமா? எப்படி எடுப்பது?

உதவும். தொடாமல், ஓர் அடி தள்ளி நின்று எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வையுங்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் பாய் தெரிகிற மாதிரி ஒரு படம், இழைகளின் எண்ணிக்கை தெரிய ஒரு படம். நீண்ட இழை ஒன்றா, பலவா என்பது இனத்தைப் பிரிக்க முக்கியமான அடையாளம். கொத்து மிதவையின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதும் தெரிந்தால் நல்லது. போனில் இடக்குறிப்பு பதிவாகும்படி வையுங்கள். கூடவே தேதி, மன்னார் பக்கமா பாக் பக்கமா, அன்றைக்குக் கச்சானா வாடையா, சுமாராக எத்தனை கிடந்தன என்று ஒரு வரி எழுதுங்கள். மதுரை திரும்பி வருவதற்குள் பஸ்ஸிலேயே ஏற்றிவிடலாம்.